எக்ஸ்-கதிர் அறைக்குள் போகும் சகோதரிகளுக்கு

(நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதார அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நாங்கள் மூவர் சேர்ந்து தயாரித்த உரை இது. எங்களில் ஒருவர் தாதி. ஒருவர் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவர். ஒருவர் இதே பாடசாலையின் ஆய்வுகூடத்தில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வாசிப்பவர் ஒருவரானாலும் பேச்சு மூவருடையது. அதனால் 'நாங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

சங்கச் செயலாளர் எங்களிடம் கேட்டது பெண்களின் ஆரோக்கியம் பற்றிய பொதுவான ஒரு பேச்சு. ஒரே வாரத்தில் வந்த இரண்டு தொலைபேசி அழைப்புகள் தலைப்பை மாற்றிவிட்டன.

முதலாவது அழைப்பு கற்பிட்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மூத்த அக்கா ஒருவரிடமிருந்து வந்தது. நெஞ்சு இறுக்கம் என்று கிளினிக்குக்குப் போனவருக்கு அஞ்சியோகிராம் செய்ய வேண்டும் என்று சொல்லித் திகதியும் கொடுத்திருந்தார்கள். அவர் போகவில்லை. "அந்தக் கதிர் உடம்புக்குள்ளேயே நின்றுவிடுமாம், பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாதாம், பிறகு புற்றுநோய் வருமாம்" என்றார்.

இரண்டாவது அழைப்பு எங்கள் தங்கை ஒருத்தியிடமிருந்து. அவள் ஒரு வைத்தியசாலையில் இருதய நோயாளிகளுக்கு அஞ்சியோகிராம் செய்யும் அறையில் தாதி. வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தபோது, கதிர்வீச்சை அளக்கும் பட்ஜைப் போடுகிறாயா என்று கேட்டோம். "அது லொக்கருக்குள்ளே இருக்கிறது அக்கா. போட்டால் அளவு கூடக் காட்டும். கூடக் காட்டினால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்" என்றாள்.

ஒருவர் தேவைக்கு மேல் பயந்து, உயிரைக் காக்கும் பரிசோதனையைத் தவிர்க்கிறார். மற்றவர் பயப்பட வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார். இருவருமே நாங்கள் படித்த வாங்குகளில் இருந்து படித்தவர்கள். அவர்கள் இருவருக்கும் சொல்ல வேண்டியதையே இன்று உங்களுக்குச் சொல்கிறோம்.

முதலில் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் எடுக்கும் ஒரு படம். ஆனால் இருதயக் குழாயில் அடைப்பைத் தேடும்போது ஒரு படம் போதாது. கையிலோ தொடையிலோ உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அது எங்கே போகிறது என்பதைத் திரையில் அசையும் படமாகப் பார்த்துக்கொண்டே வைத்தியர் வேலை செய்வார். கால் அருகே ஒரு பெடல் இருக்கும். அதை மிதித்திருக்கும் நேரம் முழுவதும் எக்ஸ்-கதிர் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும்.

இருதயத்தோடு இது முடிவதில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் முறிந்த எலும்புக்குக் கம்பி வைக்கும்போது தியேட்டருக்குள் வரும் சீ-ஆர்ம் இயந்திரம், பித்தக் குழாயில் சிக்கிய கல்லை வாய் வழியே குழாய் விட்டு எடுக்கும் சிகிச்சை, பிள்ளை தங்காத பெண்களுக்குக் கருக்குழாயில் மருந்து செலுத்திப் பார்க்கும் பரிசோதனை ஆகிய எல்லாவற்றிலும் இந்த அசையும் எக்ஸ்-கதிர்ப் படம் உண்டு. எங்கள் வீடுகளில் யாரேனும் ஒருவர் இவற்றில் ஒன்றுக்கு ஆளாகியிருப்பார்.

இந்த வைத்தியத்தின் தொடக்கத்திலேயே ஒரு தாதி இருக்கிறார். 1929 இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர், கை நாளம் வழியாக இருதயம் வரை குழாய் விடலாம் என்று நம்பினார். மேலதிகாரி அனுமதிக்கவில்லை. கருவிகளின் சாவி கெர்டா டிட்ஸன் என்ற தாதியிடம் இருந்தது. சோதனையைத் தன் உடம்பில் செய்யுமாறு அவரே முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் கட்டிவைத்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் குழாயைத் தன் கைக்குள்ளேயே செலுத்தினார். பிறகு இருவரும் எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்துபோய், குழாய் இருதயத்தைத் தொட்டிருப்பதைப் பார்த்தார்கள். 1956 இல் அந்த வைத்தியருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1977 இல் சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குருன்ட்சிக், அடைபட்ட இருதயக் குழாயைச் சிறு பலூனால் விரித்துக் காட்டினார். இன்று ஸ்டென்ட் வைப்பது அதன் தொடர்ச்சி.

இன்னொரு பெண்ணையும் இங்கே சொல்ல வேண்டும். 1917 இல் பர்மாவில் பிறந்த பத்மாவதி சிவராமகிருஷ்ண ஐயர் ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942 இல் யப்பானியர் படையெடுப்பினால் குடும்பத்துப் பெண்களோடு கோயம்புத்தூருக்கு வந்தவர். இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணரானார். 1954 இல் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில், இருதயத்துக்குள் குழாய் விட்டுப் பரிசோதிக்கும் கூடத்தை நிறுவினார். வட இந்தியாவில் அதுவே முதலாவது. 103 வயது வரை வாழ்ந்து 2020 இல் காலமானார். 1990 இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, இந்தக் கரையில் ஓலைக் கொட்டில்களில் இருந்துகொண்டு எங்களோடு படித்த தோழிகளுக்கு, இடம்பெயர்ந்த ஒரு பெண் இவ்வளவு செய்தார் என்பது தெரிந்திருக்கட்டும்.

இனி அக்காவின் பயத்துக்கு வருவோம். கதிர்வீச்சு உடம்பைத் தொடும் அளவை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். எக்ஸ்ரே எதுவும் எடுக்காமல் வீட்டில் இருந்தாலும் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் எங்களுக்குக் கதிர்வீச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் நாட்டு மண்ணில் 1904 இல் ஆனந்த குமாரசுவாமி கண்டெடுத்த தோரியனைட் என்ற கனிமமும் கதிர்வீசுவதுதான். உலக சராசரியாக ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு இயற்கையிலிருந்து கிடைப்பது 2.4 மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 இலும் குறைவு. அஞ்சியோகிராமுக்குப் பொதுவாக 5 முதல் 10 வரை. ஸ்டென்டும் வைத்தால் 15 அளவில், சிக்கலான அடைப்பானால் அதற்கும் மேல்.

10 மில்லிசீவர்ட் என்றால் நான்கு ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சை ஒரே நாளில் பெற்றதற்குச் சமம். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் மதிப்பீட்டைக் கொண்டு கணக்குப் பார்த்தால், இந்த அளவு பெற்ற 2,000 பேரில் சுமார் ஒருவருக்குப் பிற்காலத்தில் அதனால் புற்றுநோய் ஆபத்து வரலாம். வயது கூடக்கூட அந்த ஆபத்து குறையும். மறுபக்கத்தில், அடைபட்ட இருதயக் குழாயைக் கவனிக்காமல் விட்டால் வரும் ஆபத்து ஆண்டுக் கணக்கில் காத்திருக்காது. கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேர எத்தனை மணித்தியாலம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாரடைப்பு வந்த பிறகு ஓடுவதைவிட, கொடுத்த திகதிக்குப் போவது நல்லது.

இன்னொன்று. எக்ஸ்-கதிர் உடம்பில் தங்குவதில்லை. லைட்டை அணைத்தால் அறையில் வெளிச்சம் மிஞ்சாதது போல, பெடலை விட்டதும் அது முடிந்துவிடும். அஞ்சியோகிராம் செய்துகொண்டவர் மற்றவருக்குக் கதிர் வீச மாட்டார். பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். எக்ஸ்ரே எடுத்த தாய் பால் கொடுக்கலாம்.

அப்படியானால் கவலையே வேண்டாமா? வேண்டும், ஆனால் சரியான இடத்தில். இதை விளங்கிக்கொள்ள நாங்கள் தூரப் போக வேண்டியதில்லை. பாலாவி உப்பளத்தில் வேலை செய்யும் எங்கள் பெண்களைப் பாருங்கள். வெயில் அவர்களுக்கு இரண்டு விதமாகத் தீங்கு செய்யும். ஒரே நாளில் அளவுக்கு மீறி நின்றால் தோல் கன்றும். அது நின்ற நேரத்தைப் பொறுத்தது. ஒரு அளவுக்குக் கீழே அது நடக்காது. மற்றது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பல வருடங்களுக்குப் பிறகு தெரிய வருவது. எக்ஸ்-கதிரும் அப்படித்தான். முதலாவது நோயாளிக்கும், இரண்டாவது பெரும்பாலும் அங்கே வேலை செய்பவருக்கும் உரிய கவலை.

முதலாவதை நாங்கள் நேரில் பார்த்தோம். எங்களில் ஒருவரின் தாயாருக்கு ஒரு வைத்தியசாலையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பு கடினமானது. நீண்ட நேரம் எடுத்தது. உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். மூன்று கிழமைக்குப் பிறகு முதுகில் தோள்பட்டைக்குக் கீழே சதுரமாக ஒரு சிவப்பு வந்தது. பூச்சி கடித்ததென்று எண்ணெய் பூசினோம். பிறகு தோல் கிளினிக்குக்குப் போய் ஒவ்வாமைக்கு மருந்து வாங்கினோம். எக்ஸ்-கதிர்க் குழாய் மேசைக்குக் கீழே இருக்கும், கதிர் முதுகு வழியாகவே உள்ளே போகும் என்பது வீட்டில் எங்கள் ஒருவருக்குத் தெரிந்திருந்தும், அவருக்குக்கூட உடனே நினைவுக்கு வரவில்லை. செய்தவர்கள் முன்கூட்டி ஒரு சொல் சொல்லியிருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

தோலின் ஒரே இடத்தில் 2 கிரே அளவைத் தாண்டினால் சிவப்பு வரலாம். அதைவிட மிகவும் கூடினால் புண்ணாகலாம். அது அன்றைக்கே தெரியாமல் வாரங்கள் கழித்தும் வரும் என்பதால்தான் காரணம் பிடிபடுவதில்லை. இப்படிப்பட்ட தோல் காயங்கள் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1994 இலேயே வைத்தியர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. இன்றைய இயந்திரங்கள் சிகிச்சை முடியும்போது மொத்த அளவைத் திரையில் காட்டும். அந்த எண் 5 கிரேயைத் தொட்டால் நோயாளிக்குச் சொல்லி, பின்னர் தோலைப் பார்க்க வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட நடைமுறை. பெரும்பாலான சிகிச்சைகள் அந்த அளவுக்கு அருகேயும் போவதில்லை.

ஆகவே நோயாளியாகப் போகும் சகோதரிகளே, சில விஷயங்களை நினைவில் வையுங்கள். முன்பு இப்படிப்பட்ட சிகிச்சை செய்திருந்தால், எப்போது எங்கே என்று சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். கருக்குழாய்ப் பரிசோதனையை மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் வைப்பது இதற்காகத்தான். சிகிச்சை முடிந்து டயக்னோசிஸ் காட் எழுதும்போது, கதிரளவையும் அதில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். நீண்ட நேரம் எடுத்த சிகிச்சையானால் இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டில் யாரையாவது முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு இருந்தால் எண்ணெய் பூசாமல், சிகிச்சை செய்த இடத்துக்கே அந்தக் காட்டோடு போங்கள். இது சண்டை பிடிக்கும் விஷயமல்ல. கேட்பதற்கு எங்களுக்கு உரிமை உண்டு.

இனி லொக்கருக்குள் பட்ஜை வைத்திருக்கும் தங்கைக்கு.

உப்பளத்தில் கண்ணைக் கூசவைப்பது மேலே உள்ள வெயில் மட்டுமல்ல. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சமும்தான். குடை பிடித்தாலும் அது கீழேயிருந்து முகத்தில் அடிக்கும். எக்ஸ்-கதிர் அறையிலும் தாதியின் மேல் படுவது நேர்க் கதிர் அல்ல. நோயாளியின் உடம்பில் பட்டு நாலாபக்கமும் சிதறி வரும் கதிர். நோயாளி ஒரு நாள் மேசையில் படுத்துவிட்டுப் போவார். தாதி அடுத்த நோயாளிக்கும், அதற்கடுத்தவருக்கும், இருபது வருடமும் அங்கேயே நிற்பாள்.

இதற்கு உப்பளத்துப் பெண்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்ய வேண்டும். அவர்கள் வெயில் ஏறமுன் வேலையை முடிப்பார்கள், நிழலுக்கு ஒதுங்குவார்கள், தலையையும் முகத்தையும் துணியால் மூடுவார்கள். நேரம், தூரம், மறைப்பு. பெடல் மிதிக்கும் நேரம் வைத்தியரின் கையில், அல்ல, காலில் இருக்கிறது. தூரம் உங்கள் காலில் இருக்கிறது. அரை மீற்றரில் நிற்பவர் ஒரு மீற்றருக்குப் பின்வாங்கினால் படும் அளவு ஏறக்குறைய நாலில் ஒன்றாகும். மருந்து எடுத்துக் கொடுத்த பின் ஒரு எட்டுப் பின்னால் வைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குழாய் இருக்கும் பக்கத்தில்தான் சிதறல் கூட என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறைப்பு என்பது ஈய ஏப்ரனும், கழுத்துக்குரிய தைரொயிட் கவசமும், கண்ணாடியும். நல்ல ஏப்ரன் சிதறு கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுக்கும். ஆனால் அதை மடித்துக் கதிரையில் போட்டால் உள்ளே வெடிக்கும். வெளியே தெரியாது. தொங்கவிட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்-கதிரில் வைத்துப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பல ஏப்ரன்கள் ஆண்களின் உடல்வாகுக்கு வெட்டியவை. எங்களுக்குக் கைக்குழியில் பெரிய இடைவெளி விழும். கையைத் தூக்கி வேலை செய்யும்போது மார்பின் வெளிப்பக்கம் மறைப்பில்லாமல் இருக்கும். அளவான ஏப்ரன் கேட்பதை அலங்காரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கண்ணைப் பற்றி ஒரு சொல். கோலாலம்பூரில் இத்தகைய அறைகளில் வேலை செய்வோரின் கண்களைப் பரிசோதித்து 2010 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இருதய வைத்தியர்கள் 56 பேரில் 29 பேருக்கும், தாதியர் 11 பேரில் 5 பேருக்கும் கண்வில்லையின் பின்புறத்தில் மங்கல் இருந்தது. கதிர்வீச்சோடு தொடர்பில்லாத 22 பேரில் 2 பேருக்குத்தான் இருந்தது. தொகை சிறியது. ஆனாலும் பல நாடுகளில் இதே போன்ற செய்தி வந்ததால், 2011 இல் சர்வதேச ஆணைக்குழு கண்வில்லைக்கான ஆண்டு எல்லையை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது.

இப்போது பட்ஜ். அது எங்களைப் பாதுகாக்காது. கணக்கு மட்டும் வைக்கும். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் வேறு எதுவும் நடக்காது. அளவு கூடினால் ஏன் கூடியது என்று தேடலாம். தொங்கு திரை போதவில்லையா, நிற்கும் இடம் பிழையா, ஒருவருக்கே எல்லா முறையும் விழுகிறதா என்று பார்க்கலாம். பட்ஜ் லொக்கருக்குள் இருந்தால் அறிக்கையில் சுத்தமான ஒரு பூச்சியம் வரும். அந்தப் பூச்சியத்தைக் காட்டி எல்லாம் சரி என்பார்கள். உங்களுக்குப் பின்னால் அந்த இடத்தில் நிற்க வரும் தங்கையும் அந்தப் பூச்சியத்தை நம்புவாள்.

இதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. இடமாற்றம் என்ற பயமும், மேலதிகக் கொடுப்பனவு குறைந்துவிடும் என்ற கவலையும் எங்களுக்குத் தெரியும். எங்களில் ஒருவர் கர்ப்பமாக இருந்த முதல் மூன்று மாதமும் அதே காரணத்துக்காக யாரிடமும் சொல்லாமல் அந்த அறையில் நின்றவர். பிள்ளை நலமாகப் பிறந்தது. ஆனால் அந்த மாதங்களின் இரவுகள் எப்படி இருந்தன என்பதை அவரே அறிவார். கர்ப்பத்தை அறிவித்த நாளிலிருந்து வயிற்றிலுள்ள பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை ஒழுங்குபடுத்துவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்பது சர்வதேச விதி. சொன்னால்தான் அந்தப் பாதுகாப்புத் தொடங்கும். எங்கள் நாட்டில் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ், கதிர்வீச்சு இயந்திரங்களுக்கு அனுமதி கொடுப்பதற்கும் கண்காணிப்பதற்கும் தனியான ஒழுங்குபடுத்தல் பேரவை இருக்கிறது. தனியொரு தாதியின் தயவில் இந்த விஷயம் இல்லை. சட்டம் அவளுக்குப் பின்னால் நிற்கிறது.

ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் ஒரு வைத்தியசாலை வளவுக்குள் 1936 இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். எக்ஸ்-கதிரோடும் ரேடியத்தோடும் வேலை செய்து அதனால் இறந்த 169 பேரின் பெயர்கள் அப்போது அதில் இருந்தன. சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்-கதிர் நிலையம் திறந்த எலிசபெத் ஃபிளைஷ்மன் என்ற பெண் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். கையில் வந்த தோல் நோயைப் படம் கழுவும் இரசாயனத்தால் வந்தது என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பிறகு கையைத் துண்டிக்க வேண்டி வந்தது. 1905 இல் காலமானார். அவருக்கு அளந்து சொல்ல ஒரு கருவி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது. அதை லொக்கரில் வைப்பதா சட்டையில் குத்துவதா என்பதுதான் கேள்வி.

முடிக்கும் முன் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். லண்டனிலும் தோஹாவிலும் மெல்பனிலும் எங்கள் பழைய மாணவிகள் வைத்தியசாலைகளில் இருக்கிறார்கள். இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும். அளவான ஏப்ரனை உங்கள் இடத்தில் எப்படிக் கேட்டுப் பெற்றீர்கள், கர்ப்பத்தை எப்படி அறிவித்தீர்கள் என்று இங்கேயுள்ள தங்கைமாருக்கு எழுதுங்கள். ஊரில் இருப்பவர்கள், ஒரு தங்கை மேலதிகாரியிடம் பேசப் போகும்போது ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் கூடப் போக ஏற்பாடு செய்யுங்கள். தனியாகக் கேட்க முடியாததை இருவராகக் கேட்கலாம் என்பதை இந்தப் பாடசாலையில்தானே படித்தோம்.

இந்த உரை அச்சுக்குப் போகும் வேளையில் கற்பிட்டி அக்காவின் அஞ்சியோகிராம் முடிந்து, ஒரு ஸ்டென்டும் வைத்தாகிவிட்டது. கதிரளவைக் கேட்டாராம். வைத்தியர் சிரித்துக்கொண்டே காட்டில் எழுதிக் கொடுத்தாராம். அதை எங்களுக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார், மடியில் பேரப்பிள்ளையோடு. தங்கை பட்ஜைக் குத்திக்கொண்டு ஒரு மாதமாகிறது. முதல் அறிக்கை இன்னும் வரவில்லை. என்ன எண் வந்தாலும் எங்களுக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். கூடுதலாக வந்தால் அவளோடு போக நாங்கள் மூவரும் ஆயத்தம்.